லைனில் எடுத்த பந்து

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி தேன்மொழிக்குக்கூடத் தெரியாத சங்கதி. எனக்குத் தூரத்துப் பார்வை கிடையாது.

இது ஒரு அக்கவுண்டண்டுக்கு வந்திருந்தால் வியாதி. எனக்கு வந்திருப்பதால் மோசடி. ஏனென்றால் ராயபுரத்தில் எந்தக் கால்பந்து மேட்ச் நடந்தாலும் மைக்கில் வர்ணனை சொல்கிறவன் நான்தான். 'மைக் குணா' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட என் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வழி காட்டும். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே என் மேசை. இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் இருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன்.

தொழில் ரகசியம் இதுதான்: கூட்டத்தின் சத்தத்தை வைத்துச் சொல்வேன். 'ஆ'வென்று எழும்பி வெடித்தால் கோல். எழும்பி 'ச்சே'வென்று அமுங்கினால் வெளியே. யாருடைய அம்மாவையாவது இழுத்தால் ஃபவுல். பல வருடமாக ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

இன்று மாலை கூட்டம் 'ஆ'வென்று எழும்பி வெடித்தது. நானும் "கோ...ல்" என்று மூச்சுப் போகும்வரை இழுத்து, "அற்புதமான ஷாட்! அடித்தவர் நம்ம விமல்!" என்று முழங்கினேன். விமல் என் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தான். கோலுக்குள் புகுந்தது ஒரு நாய்.

"இன்னாண்ணே, நாய்க்கு என் பேரு வச்சிட்ட?" என்றான்.

காமெடி செய்தேன் என்று எல்லோரும் நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வியர்த்துக் கொட்டியது.

ஏப்ரல் 7, திங்கள்

நாய் விவகாரத்தில் முக்கியமானதை எழுத விட்டுவிட்டேன். எட்மண்ட் அண்ணனுக்காக நிதி திரட்ட கமிட்டி போட்டாயிற்று. எங்கள் மார்னிங் ஸ்டார் கிளப்பின் செயலாளர் செல்லப்பா தலைவர். விளம்பரம் நான். மற்றவர்கள் டீ குடிக்க வருவார்கள்.

எட்மண்ட் அண்ணன் ஒரு காலத்தில் மார்னிங் ஸ்டாருக்கு ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிற வேலை. அந்தக் காலுக்காகவே துறைமுகத்தில் வேலை கொடுத்தார்கள். எண்பத்து நாலு மே 11, ஃபைனல். எதிர் டீம் தண்டையார்பேட்டை. கடைசி நிமிடத்தில் அவர்களுடைய தனகோட்டி அடித்த பந்து எங்கள் கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. எட்மண்ட் அண்ணன் பின்னாலேயே ஓடி, லைன்மேல் வைத்துக் காலால் வாரி வெளியே தள்ளினார். கப் எங்களுக்கு. அது உள்ளே போய்விட்ட பந்து என்று தண்டையார்பேட்டை இன்றைக்கும் சொல்கிறது. அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் பந்தை வாருகிற படத்தை எங்கள் தெருச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறோம். வருடா வருடம் மே 11 அன்று சுவருக்கு மாலை போட்டு, அந்தக் கடைசி நிமிடத்தை நான் மைக்கில் அரை மணி நேரம் சொல்வேன். நடந்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மை போட்டு வீட்டில் வேப்பிலையோடு படுத்திருந்தேன். அதனால் என்ன? நான் சொன்னால் பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள்.

இப்போது அண்ணனுக்கு மறதி நோய். நாலு மணி ஆனால் பிராக்டிஸுக்குக் கிளம்பிவிடுவார். போன மாதம் துறைமுக கேட் வரை போய்விட்டார். பின்னால் ஓடிய ரெஜினா அக்கா, அவர் மனைவி, விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து மகள் ஜெசிந்தா வந்து, ஜூன் பிறப்பதற்குள் அப்பாவைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஹோமில் விட்டுவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பகலில் கூடவே இருக்க ஓர் ஆள் கிடைத்தால் அண்ணன் வீட்டிலேயே இருப்பார். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை.

"அங்க கொண்டுபோய் வுட்டா, இவரு எந்த கிரவுண்டத் தேடிக்கினு போவாரு குணா?" என்று அக்கா கேட்டார். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ராயபுரத்தில் தூசி அதிகம்.

ஏப்ரல் 9, புதன்

ஃப்ளெக்ஸ் வந்தது. 'கோல் மன்னன் எட்மண்ட்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். பழைய ஆட்டக்காரர்கள் கடைக்கே வந்து திட்டினார்கள். அண்ணன் வாழ்நாளில் ஒரு கோல்கூட அடித்ததில்லையாம். 'கோல்' என்பதன்மேல் காகிதம் ஒட்டினோம். இப்போது வெறும் 'மன்னன் எட்மண்ட்'. கட்சிக்காரர் என்று நினைத்து இரண்டு பேர் மனு கொடுக்க வந்தார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சர்ச் வாசலில் சிக்கன் பிரியாணி விற்றால் கூட்டம் அள்ளும் என்பது என் யோசனை. பெரிய அண்டா, விறகடுப்பு, மைக்கில் "வாங்க, எட்மண்ட் அண்ணனுக்காக ஒரு பிளேட்!" பூசை முடிந்து ஜனங்கள் கையில் குருத்தோலையோடு வெளியே வந்தார்கள். அண்டாவைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

கட்டுப்போட்ட கையோடு ரெஜினா அக்கா வந்தார்.

"ஏண்டா குணா, தவக்காலம்னு ஒன்னு கீதே தெரியுமா? ஈஸ்டர் வரைக்கும் பாதி சனம் கறி தொடாது."

செல்லப்பா முருக பக்தர். நான் எல்லா சாமிக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன், ஒரு சாமியின் காலண்டரையும் படித்ததில்லை. கமிட்டியில் ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் காப்பாற்றியது மூக்குக்கண்ணாடிக் கடை ரவூஃப் பாய். குடும்பத்தோடு வந்து சாப்பிட்டு, ஆட்டோ ஸ்டாண்டு முழுவதையும் கூப்பிட்டு வந்தார். எட்மண்ட் அண்ணன் இரண்டு பிளேட் சாப்பிட்டார். "ஃபாதர் பார்க்கறாருங்க," என்று அக்கா இடித்ததற்கு, "அவரு எந்த டீம்?" என்றார்.

ஃபாதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "உங்க டீம்தான்," என்றார்.

ஏப்ரல் 16, புதன்

நாலு மணிக்கு எட்மண்ட் அண்ணனை மைதானம்வரை கூட்டிப்போய் வருகிறேன். ரெஜினா அக்காவின் இஞ்சி டீக்காகப் போகிறேன், வேறு காரணம் இல்லை. கடையை அந்த நேரத்தில் மூடுவதால் பெரிய நஷ்டமும் இல்லை என்று தேன்மொழியிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு என் பெயர் நினைவில்லை. "லைன்ஸ்மேன்" என்கிறார். "லைன்ஸ்மேன், கொடி எங்க?" என்று தினமும் கேட்கிறார். பந்து உள்ளேயா வெளியேயா என்று பார்த்துக் கொடி தூக்கும் வேலைக்கு என்னை! கடவுளுக்கும் காமெடி தெரியும்.

இன்று வழியில் தண்ணீர் கேன் வண்டியிலிருந்து ஒரு கேன் விழுந்து சரிவில் உருண்டு வந்தது. நான் பிளாட்பாரத்தில் ஏறிக்கொண்டேன். அண்ணன் செருப்பைக் கழற்றினார், இரண்டு அடி வைத்தார், பாதத்தால் கேனை அப்படியே அமுக்கி நிறுத்தினார். வண்டிக்காரப் பையன் வாயைப் பிளந்தான்.

"முன்னாடி பாத்து ஆடு தம்பி," என்றார் அண்ணன்.

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது. கால் எதையும் மறக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

பஜ்ஜி விற்றோம், பழைய பேப்பர் சேர்த்தோம், செல்லப்பா பாட்டுக்கூடப் பாடினார். வந்ததை வைத்து ஜூலையைத் தாண்ட முடியாது. இதற்குமேல் ஒரே வழி, தனகோட்டி. அதே தனகோட்டி! இன்று தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகளுக்கெல்லாம் முதலாளி.

நானும் செல்லப்பாவும் போனோம். வாசலில் வெள்ளைச் சட்டையோடு கம்பீரமாக நின்றவரை நான் கும்பிட்டேன். அவர் வாட்ச்மேன். தனகோட்டி உள்ளே பனியனோடு கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

சொன்னதையெல்லாம் கேட்டார். எட்மண்ட் வழி தவறிப் போகிறார் என்றபோது தம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பளம் இன்னாபா சம்பளம்? எங்கிட்ட டிரைவரா இருந்து ரிட்டையரான கஜேந்திரன் சும்மாதான் குந்திக்கினுகீறான். தங்கமான மனுசன். எட்மண்ட் இருக்கிற வரைக்கும் அவன் கூடவே இருப்பான். அவனுக்கு மாசாமாசம் நான் குடுத்துக்கறேன்."

செல்லப்பா அவர் காலில் விழப் போனார்.

"இரு, இரு. ஒரு கண்டிசன். உங்க தெருவுல, அந்த சுவுத்துக்கு முன்னாடி, அதே மே பதினொன்னு, அதே மைக்குல இவன் சொல்லணும். அது கோலுன்னு."

செல்லப்பா பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தெருவே கூடியது. ஒரு மனிதன் வீட்டில் இருப்பதா, ஹோமுக்குப் போவதா என்பது கேள்வி. 'கோல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்.

"எங்கப்பன் சாவும்போதுகூட அது கோல் இல்லன்னு சொல்லிட்டுதான் செத்தாரு."

"சுவுத்துல கீற படத்த இன்னா பண்றது? வெள்ளையடிக்கறதா?"

"என் மோதிரத்த வித்துக் குடுக்கறேன். அந்த வார்த்தை மட்டும் வாணாம்."

செல்லப்பா நடுநிலையாகப் பேச முயன்று இரண்டு பக்கமும் அடி வாங்கினார். என்னைக் கேட்டார்கள். நேரில் பார்த்தது போல அரை மணி நேரம் வருடா வருடம் சொல்கிறவன் நான்தானே. "கமிட்டி முடிவே என் முடிவு," என்றேன். கோழைகளுக்கென்றே கமிட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

ரெஜினா அக்கா டீ கொடுக்கவில்லை. அவ்வளவு கோபம்.

"சொல்லித் தொலைங்கடா. கோலு, கோலு, கோலு! இப்ப நான் சொல்லிட்டேன், வானம் இடிஞ்சி வுழுந்துச்சா? எனக்கு ராத்திரி பக்கத்துல இவரு மூச்சு கேக்கணும். உங்க கப்ப வச்சி நான் இன்னா ரசமா ஊத்தப்போறேன்?"

சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். தெரு என்னை உதைத்தால் உதைக்கட்டும். ஆனால் யாருடைய பந்தோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மைதானத்துக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"அண்ணே, தனகோட்டி அடிச்சாரே ஒரு பந்து. நீங்க லைன்ல எடுத்தீங்களே. அது உள்ளயா, வெளியவா?"

அண்ணன் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெஃபரி விசில் அடிச்சானா?"

"இல்லண்ணே."

"அப்ப இன்னாத்துக்கு நின்னு பேசினுகீற? ஓடு!"

அவர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. என் வயிற்றுக்கு ஓட்டம் வழக்கமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

தனியாகத் தனகோட்டியைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வாய் வேறு எதையோ சொன்னது. மைக் பிடிக்கிறவன் வாய்க்குத் தனிப் புத்தி.

"அண்ணே, நான் சொன்னா உங்களுக்கு இன்னா பெருமை? காசுக்கு சொன்னான்னு ஊரே பேசும். நீங்களே வந்து அடிங்க. அதே இடம், அதே பந்து மாதிரி ஒரு பந்து. லைன்ல எட்மண்ட் அண்ணன் நிப்பாரு. உள்ள போச்சின்னா, அன்னைக்கும் கோலுதான்னு மைக்குல நான் சொல்றேன். அவரு எடுத்துட்டாருன்னா, நீங்க கண்டிசன் இல்லாம கஜேந்திரன அனுப்பணும்."

தனகோட்டிக்கு எழுபது நெருங்குகிறது. ஒரு முழங்காலில் ஸ்டீல் வைத்திருக்கிறார். இரண்டு கண்களும் பளபளத்தன. (பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது.)

"டேய், கீழ என் பழைய பூட்சு இருக்குதா பாரு!" என்று மனைவியை நோக்கிக் கத்தினார். அந்த அம்மாள் "யார டேய்ன்ற?" என்று கத்தினார். நான் நழுவிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. தான் யார் என்று காலையில் தெரிந்து மாலையில் மறந்துவிடுகிற ஒரு மனிதரின் தலைவிதியை ஒரு பந்தின் மேல் கட்டிவிட்டேன்.

மே 3, சனி

ரெஜினா அக்காவிடம் சொன்னேன். கரண்டியால் அடிப்பார் என்று எதிர்பார்த்து ஒரு பக்கமாக நின்றேன். அக்கா அடுப்பை அணைத்தார்.

"பாத்ரூம்ல வழுக்கறாரு. படியில தடுமாறறாரு," என்றார். "கிரவுண்டுல மட்டும் இதுவரைக்கும் வுழுந்தது இல்ல. ஆடட்டும்."

இன்னொரு வேலையும் முடித்தேன். அப்படிப்பட்ட பந்து வரும்போது பழைய நாய்க் கதை மறுபடி நடக்கக்கூடாது. ரவூஃப் பாயின் கடைக்குள் தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்துப் புகுந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். ஏதோ கெட்ட காரியத்துக்கு வந்தவனைப் போலப் பார்த்தார். போர்டில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்.

"எந்த போர்டு?" என்றேன்.

பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! அப்ப இத்தன வருசமா நீ சொன்னதெல்லாம்?"

சத்தியம் வாங்கிக்கொண்டேன். இலவசமாகவே செய்து தருகிறாராம். மேட்ச் நடுவில் கடை பெயரை அடிக்கடி சொல்ல வேண்டுமாம். பவர் பயங்கரமாம், லென்ஸ் வெளியிலிருந்து வரவேண்டுமாம்.

மே 9, வெள்ளி

கண்ணாடி போட்டாயிற்று! ரவூஃப் பாயே மாட்டிவிட்டார். கறுப்பு ஃபிரேம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி இருக்கிறேன். தேன்மொழிகூட "பரவாயில்லையே, அறிவு இருக்கிற மாதிரி தெரியுது," என்றாள்.

தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. மைக் குணாவுக்குப் புதுக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை எறும்பு ஊர்ந்தாலும் தெரியும் என்று பேசிக்கொள்கிறார்கள். எதிர்ச் சாரியில் போன செல்லப்பாவை "தலைவரே!" என்று கூப்பிட்டேன். திரும்பியது தபால்காரர். வெயில் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது.

மே 11, ஞாயிறு

இன்றைக்குப் பக்கம் போதாது. போதாவிட்டால் அட்டையில் எழுதுவேன்.

கூட்டம் மைதானச் சுவர்மேல் ஏறியிருந்தது. இந்தப் பக்கம் ராயபுரம், அந்தப் பக்கம் தண்டையார்பேட்டை. இரண்டு தரப்பிலும் நரைத்த தலைகள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. தேசிய கீதத்துக்கு நேராக நின்றதில் இன்னொருவருக்கு இடுப்பு. ஒவ்வொரு த்ரோவுக்கும் "பார்வைக்கு ரவூஃப் ஆப்டிகல்ஸ்!" என்றேன்.

எட்மண்ட் அண்ணனுக்குப் பழைய ஐந்தாம் நம்பர் ஜெர்ஸி. ரெஜினா அக்கா தன் உடைந்த கையோடு ஷூ லேஸ் கட்டிவிட்டார். "யாரு மேட்ச்சு?" என்றார் அண்ணன். "ஃபைனல்," என்றார் அக்கா. அவ்வளவுதான், முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் பந்து தனியாக இருந்தது. கடைசியில் ரெஃபரி விசில் அடித்து எல்லோரையும் விலக்கினார். தனகோட்டியின் நேரம். எங்கள் கோலில் செல்லப்பா. அவருக்குப் பின்னால் லைன் அருகே எட்மண்ட் அண்ணன்.

இப்போது புதுக் கண்ணாடியின் மகிமையைக் கேளுங்கள். தெள்ளத் தெளிவாகப் பார்த்தேன். கோல் வலையின் கிழிசலில் ஒரு காய்ந்த புங்க இலை மாட்டியிருந்தது. அண்ணன் பந்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி ஒரு காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் காற்றாடி, பச்சை வால். ரெஜினா அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார்.

தனகோட்டி நொண்டி நொண்டி ஓடிவந்தார். ஸ்டீல் கால் ஊன்ற, மறுகால் அடித்தது. அடித்த வேகத்தில் அப்படியே மல்லாக்க விழுந்தார். ரெஃபரி அவரைத் தூக்க ஓடினார். செல்லப்பா கம்பீரமாகத் தவறான பக்கம் பாய்ந்தார். பந்து அவரைத் தாண்டி உருண்டது. அண்ணன் இன்னும் காற்றாடியில்.

நான் எழுந்துவிட்டேன். மைக்கில் என்னையறியாமல் கத்தினேன்.

"அண்ணே! விசில் அடிக்கல! ஓடுங்க!"

காற்றாடி அறுந்தது போலத் தலை இறங்கியது. எட்மண்ட் அண்ணன் திரும்பினார். அறுபத்தேழு வயதில் அப்படி ஒரு திரும்பல்! இரண்டே எட்டு. இடது காலை நீட்டி, பந்தின் அடியில் பாதத்தைக் கொடுத்து, கதவு சாத்துவது போல வாரி எறிந்தார். பந்து கார்னர் கொடியைத் தாண்டி இளநீர் வண்டியில் போய் விழுந்தது. கூட்டம் எழும்பியது, ஆனால் வெடிக்கவில்லை, அமுங்கவும் இல்லை. பாதி "கோல்" என்றது, பாதி "இல்ல" என்றது. என் வாழ்நாளில் கேட்டிராத சத்தம்.

இரண்டு பக்கமும் சுவரிலிருந்து குதித்து உள்ளே வந்துவிட்டது. ரெஃபரி, "நான் பாக்கல, இவரத் தூக்கினு இருந்தேன்," என்றார். செல்லப்பா இன்னும் மண்ணில் முகம் புதைத்திருந்தார். தனகோட்டி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"யாரும் பேசாதீங்க. டேய் மைக்கு! நீதான் புதுக் கண்ணாடி போட்டுக்கினுகீற. உன் புள்ளைங்க மேல ஆணையா சொல்லு. உள்ளயா, வெளியவா?"

எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மைதானம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ரெஜினா அக்கா கண்ணைத் திறந்துவிட்டார். எட்மண்ட் அண்ணன் மட்டும் மறுபடியும் காற்றாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டை நுனியால் துடைத்தேன். மாட்டிக்கொண்டேன். ஜட்ஜுகள் அப்படித்தான் செய்வார்கள்.

"பந்து லைன் மேல இருந்துச்சு. காவாசி பந்து உள்ள, முக்காவாசி பந்து வெளிய. சுண்ணாம்பு கூட பந்துல ஒட்டியிருக்கும். கோல் இல்ல."

இளநீர்க்காரர் பந்தைத் தூக்கிக் காட்டினார். ஒட்டியிருந்ததா என்று யார் பார்த்தார்கள்? ராயபுரம் வெடித்துவிட்டது.

தனகோட்டி முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எட்மண்ட் அண்ணனை நோக்கித் தவழாத குறையாகப் போய் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"நாப்பது வருசமாடா! நாப்பது வருசமா எத்தினி வாட்டி அந்த பந்த கனவுல அடிச்சிக்கினுகீறேன் தெரியுமா? ஒரு வாட்டி உள்ள வுட்றதுக்கு இன்னாடா உனக்கு?"

அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல ஷாட்டு தம்பி. எந்த டீம்?"

மே 12, திங்கள்

கஜேந்திரன் வந்துவிட்டார். ஆறடி உயரம், பூனைக்குட்டிக் குரல். வந்ததும் அண்ணன் அவரைச் சுற்றி வந்து பார்த்து, "நீ லெஃப்ட் பேக்," என்றார். "சரிங்க," என்றார் கஜேந்திரன். வேலை நியமனம் முடிந்தது.

ஜெசிந்தா போனில் அழுதாளாம். ஹோமுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ரெஜினா அக்கா எனக்கு இஞ்சி டீயோடு ரோஸ் குக்கீஸும் வைத்தார். கஜேந்திரன் இருக்கும்போது நாலு மணிக்கு நான் எதற்கு என்றேன்.

"சும்மா வா. லைன்ஸ்மேன் எங்கன்னு காலைலேர்ந்து கேட்டுக்கினுகீறாரு."

டீ நன்றாக இருப்பதால் போகலாம் என்றிருக்கிறேன்.

மே 16, வெள்ளி

தனகோட்டியும் தினமும் மைதானத்துக்கு வர ஆரம்பித்துவிட்டார். கார் வெளியே நிற்கிறது; இவர் சுவரோரம் அண்ணனோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறார். தினமும் அண்ணன் "எந்த டீம்?" என்று கேட்கிறார். தினமும் இவர் "தண்டையார்பேட்டை" என்கிறார். தினமும் அண்ணன் தள்ளி உட்கார்ந்து, கடலை தீர்ந்ததும் நெருங்கி வருகிறார்.

இன்று வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"லைன்ஸ்மேன், அந்த பந்துக்குக் கொடி தூக்கினியா?"

"இல்லண்ணே."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"அப்ப சரி," என்று என் கன்னத்தில் தட்டினார். எந்த வருடத்துப் பந்து என்று நான் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

ரவூஃப் பாய் போன் செய்தார். என் லென்ஸ் இன்றுதான் வந்ததாம். மேட்சுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஷோகேஸிலிருந்து எடுத்து மாட்டிவிட்ட அந்த பவரே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.